ஒற்றை மரத்துக்கு ஒரு சுவர்

பந்தெல்லேரியா
6 நவம்பர் 1983

நுன்சியா அக்காவுக்கு,

தீவின் நாலு திசையிலும் உள்ள மனிதர்கள், கழுதைகள், கப்பலுக்காகக் காத்திருப்பவர்கள், கப்பல் வராது என்று தெரிந்தும் காத்திருப்பவர்கள் ஆகிய அனைவருக்கும் அறியத் தருவது: நேற்றுக் காலை, கோயில் மணி ஓய்ந்த கையோடு, உன் தம்பி கஸ்பாரேயின் மேலுதட்டில் மீசை உதயமானது. தாயும் இல்லை சேயும் இல்லை என்றாலும் எல்லோரும் நலம்.

ஊரார் பொறாமையில் வெந்துபோனார்கள். ரொட்டிக்கடைக்காரர் என்னை உற்றுப் பார்த்து, "என்னடா, காப்பி குடிச்சிட்டு வாயைத் துடைக்கலையா?" என்றார். பாதிரியார் சிரிப்பை அடக்க இருமினார். நான் மன்னித்துவிட்டேன். மீசை வந்தவனுக்குப் பெருந்தன்மையும் வந்துவிடுகிறது.

மற்ற சின்னச் சின்னச் செய்திகள்: அம்மாவுக்கு முழங்கால் வலி அப்படியேதான். மேட்டைத் தாண்டி நடக்க முடிவதில்லை. வாசலிலேயே உட்கார்ந்து காப்பர் செடி மொட்டுகளுக்கு ஊறுகாய்க்காக உப்புப் போடுகிறாள். அப்பா தொரினோவிலிருந்து எழுதியிருந்தார். தொழிற்சாலையில் காருக்குக் கதவு பூட்டிப் பூட்டி அவர் முதுகும் பூட்டிக்கொண்டதால்தான் கோடையில் வர முடியவில்லையாம். ஈஸ்டருக்குக் கட்டாயம் வருகிறாராம்.

நம் ஆரஞ்சு மரம் எப்படி என்று நீ கேட்கவில்லை. கேட்காமலே சொல்கிறேன். அதைச் சுற்றிய சுவர் கம்பீரமாக நிற்கிறது. அப்பா போன பிறகு அதைக் கட்டிக் காப்பவன் நான் என்பதால் இருக்கலாம். பழங்கள் பிள்ளைத்தலை அளவு. கிறிஸ்துமஸுக்கு ஒரு பெட்டி அனுப்புகிறேன், உன் நகரத்துச் சிநேகிதிகள் சப்புக்கொட்டட்டும்.

கிராமத்தைப் படிக்க நகரத்துக்குப் போன ஒரே ஆள் நீதான் அக்கா. மீனைப் பற்றித் தெரிந்துகொள்ள மலையேறின மாதிரி.

மீசையுடன்,
கஸ்பாரே


பலெர்மோ
21 நவம்பர் 1983

அன்புத் தம்பிக்கு,

மீசைக்கு வாழ்த்து. அது மீசையா காப்பியா என்று ஈஸ்டருக்கு வந்து பார்த்துவிட்டுத் தீர்ப்புச் சொல்கிறேன். கிறிஸ்துமஸுக்கு வர முடியாது. பிப்ரவரி கடைசியில் ஆய்வேட்டைக் கொடுத்தாக வேண்டும்.

நான் என்ன படிக்கிறேன் என்று கிண்டல் செய்கிறாய், சரி. இதைக் கேள். இந்தச் செப்டம்பரில் விமானத்திலிருந்து நம் தீவைப் படம் பிடித்திருக்கிறார்கள். அந்தப் படங்களைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்ப்பதுதான் இப்போது என் வேலை. காற்றுக்குப் பயந்து ஒரே ஒரு மரத்தைச் சுற்றி இரண்டு ஆள் உயரத்துக்கு வட்டமாகச் சுவர் எழுப்பியவர்கள் நாம்தான். மேலேயிருந்து பார்த்தால் ஒவ்வொரு தோட்டமும் ஒரு வளையம். உள்ளே மரம் இருந்தால் நடுவில் ஒரு கறுப்புப் புள்ளி. தீவு முழுக்கக் கண்கள் மாதிரி இருக்கிறது, நம்மையே பார்த்துக்கொண்டு. இருபத்தைந்து வருஷத்துக்கு முந்தைய படத்தில் எங்கும் கண்கள். இப்போது பாதி குருடு.

என் வரைபடத்தில் நிற்கும் தோட்டத்துக்குக் கறுப்பு, விழுந்ததற்குச் சிவப்பு. சிவப்பு ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு கட்டம், அதில் காரணம் எழுத வேண்டும். வேலை தேடிப் போனார்கள், வயதாகிவிட்டது, பங்காளித் தகராறு, வெளியூர்க்காரருக்கு விற்றாயிற்று. இப்படி.

கஸ்பாரே, நம் தோட்டம் வளையமாக இல்லை. கடித்த ரொட்டி மாதிரி இருக்கிறது. கடலைப் பார்த்த பக்கம் வாய் பிளந்திருக்கிறது. பேராசிரியர் லா மாந்தியா எட்டிப் பார்த்து, "உங்க ஊர்தானே? இது யாருடையதுன்னு தெரியுமா?" என்றார். தெரியாது என்று சொல்லிவிட்டேன்.

ஜூலையில் ஆய்வுக்கு வந்தபோதே நான் பார்த்திருக்க வேண்டும். குளவிக்கூடு கட்டியிருக்கிறது, போனால் முகம் பூசணிக்காய் ஆகிவிடும் என்று நீதான் தடுத்தாய். இப்போது சொல். சுவர் நிற்கிறதா? நம்முடையதற்கு என்ன நிறம் போடட்டும்?

அக்கா


பந்தெல்லேரியா
4 டிசம்பர் 1983

விமானத்தில் பறக்கும் மேன்மைமிகு நுன்சியா அவர்களுக்கு,

உன் கடிதத்தை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். அவளுக்குத்தான் எழுத்து தெரியாதே, எனக்கு வேண்டாத இடங்களைத் தாண்டிக் குதித்துவிட்டேன். இல்லையென்றால் பெற்ற மகளே தோட்டத்தை இடித்த கதை கேட்டு முழங்கால் வலியோடு நெஞ்சு வலியும் வந்திருக்கும்.

கடித்த ரொட்டியாம்! செப்டம்பர் வெயிலில் நிழல் விழாதா? சுவரின் நிழல் சுவர்மேலேயே விழுந்தால் ஓட்டை மாதிரித்தான் தெரியும். அல்லது கேமராக்காரன் ரொட்டி தின்றுகொண்டே படம் பிடித்திருப்பான். சுவர் நிற்கிறது. முன்னைவிட ஒரு முழம் உயர்த்தியே கட்டியிருக்கிறேன், என் கையால். கல் மேல் கல். சுண்ணாம்பும் இல்லை, சிமெண்டும் இல்லை. பார்க்கிறவர்கள், "அப்பன் கை அப்படியே இருக்குடா உனக்கு" என்கிறார்கள்.

சரி, நீ கேட்டாய், நான் சொன்னேன். இப்போது நான் கேட்கிறேன். வெட்கம் கெட்டவன் நானா நீயா?

ஜூலையில் பேராசிரியரோடும் கூட்டாளிகளோடும் வந்தாய். எங்கே தங்கினாய்? துறைமுகத்து விடுதியில். அம்மா மூன்று நாள் மீன் குஸ்குஸ் செய்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நீ தனியாக ஒரு மதியம் வந்தாய், அரைத் தட்டு தின்றாய், ஓடினாய். அவர்களை ஏன் நம் வீட்டுக்குக் கூட்டி வரவில்லை? ஊரில் உள்ள கிழவன் கிழவிகளையெல்லாம் உட்கார வைத்து, "எத்தனை மரம், எத்தனை அடுக்கு வயல், ஏன் விட்டீங்க" என்று கேள்வி கேட்டாயே, பெற்றவளிடம் ஒரு கேள்வி கேட்டாயா? நம் வாசல் உன் படிப்பில் வராதா?

குளவி கொட்டும் என்றேன், வராமல் இருந்தாய். கொட்டாது என்று சொல்லியிருந்தாலும் வந்திருக்க மாட்டாய்.

மேலேயிருந்து பார்த்தே பழகிவிட்டது உனக்கு.

பழப்பெட்டி அடுத்த கப்பலில் வரும். தின்று பார். அப்புறம் சிவப்பு மையைத் தொடு.

கஸ்பாரே


பலெர்மோ
8 ஜனவரி 1984

கஸ்பாரே,

உன் கடிதம் வந்து ஒரு மாதம் ஆகிறது. எழுத உட்காருவேன், எழுந்துவிடுவேன். நீ சொன்னது எல்லாம் உண்மை. நீ சொல்லாதது ஒன்று இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

அந்த ஜூலையில் கோயில் பக்கத்துச் சந்தில் நாங்கள் நடந்து போனபோது அம்மா எதிரே வந்தாள். தலையில் துணி, இடுப்பில் காப்பர் கூடை. என் கூட வந்த ஒருத்தி, "அடடா, எவ்வளவு அசல் முகம் பாரேன்! ஒரு படம் எடுத்துக்கலாமான்னு அவங்க பாஷையில கேளு நுன்சியா" என்றாள். நான் கேட்டேன். அம்மாவிடம், மரியாதையாக, யாரோ ஒரு பெண்ணிடம் கேட்பது போல, "படம் எடுத்துக்கலாங்களா?" என்று கேட்டேன்.

அம்மா என்னை ஒரு நொடி பார்த்தாள். பிறகு கூடையை இறக்கி வைத்து, தலைத்துணியைச் சரிசெய்துகொண்டு, கேமராவைப் பார்த்துச் சிரித்தாள். "நல்லா விழட்டும்" என்று மட்டும் சொன்னாள். நான் நன்றி சொன்னேன். நன்றி சொன்னேன் கஸ்பாரே, அம்மாவுக்கு. மறுநாள் மதியம் வீட்டுக்கு வந்தபோது அவள் அதைப் பற்றி வாயே திறக்கவில்லை. அதனால்தான் அரைத் தட்டு.

இதை அவளுக்குப் படித்துக் காட்டாதே. உன்னால் தாண்டிக் குதிக்க முடியும், தெரிகிறது.

இதை மனதில் வைத்துக்கொண்டு உன்னையும் சந்தேகப்பட எனக்கு என்ன யோக்கியதை? நீ நிற்கிறது என்கிறாய், நிற்கிறது. பெட்டியும் வந்துவிட்டதே. நம் தோட்டத்துக்குக் கறுப்பே போட்டுவிட்டேன். அதோடு நிற்கவில்லை. ஆய்வேட்டின் முதல் அத்தியாயத்தைப் புதிதாக எழுதினேன். "எங்கள் வீட்டுத் தோட்டம்" என்று ஆரம்பிக்கிறது. அப்பா தொழிற்சாலைக்குப் போன பிறகும் வீட்டில் இருக்கும் மகன் சுவரைக் காப்பாற்றுகிறான், ஆள் வெளியேறுவதால் மட்டும் நிலம் பாழாவதில்லை என்பதற்கு அதுதான் என் முதல் சான்று. அம்மா பெயரும் அதில் இருக்கிறது.

பேராசிரியர் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். "அது உங்க வீட்டுத் தோட்டமா? ஏம்மா சொல்லல?" என்றார். ஈஸ்டருக்கு மாணவர்களைக் கூட்டிக்கொண்டு அவரே வருகிறார். நம் தோட்டத்தைப் பார்க்க. அப்பாவும் அப்போது வந்திருப்பார் இல்லையா, அவரை மரத்தடியில் உட்கார வைத்துப் பேசச் சொல்லப் போகிறாராம் பேராசிரியர்.

இந்தத் தடவை எல்லோரையும் நேரே நம் வாசலுக்குத்தான் கூட்டி வருவேன்.

அக்கா


பந்தெல்லேரியா
22 ஜனவரி 1984

அக்கா,

அவசரம். பேராசிரியர் வர வேண்டாம்.

காரணங்கள்: ஈஸ்டர் சமயத்தில் கடல் சரியிருக்காது. கடல் சரியிருந்தால் கப்பல் சரியிருக்காது. ஊரில் பொன்னுக்குவீங்கி பரவுகிறது, பேராசிரியர்களைத்தான் முதலில் பிடிக்கிறதாம். நம் தெருக் கழுதைக்குப் படித்தவர்களைக் கண்டால் ஆகாது. அப்பா கூச்ச சுபாவம், வெளியாட்கள் முன்னால் பேசமாட்டார். (கல்யாண வீட்டில் பாடினாரே என்பாய். அது பாட்டு, பேச்சு இல்லை.)

மேலும் அந்த மரமே கூச்ச சுபாவம்.

வேறு யாருடைய தோட்டத்தையாவது முதல் அத்தியாயத்தில் போட்டுக்கொள்ளேன். நம் வீட்டுப் பெருமையை நாமே பேசுவது நன்றாகவா இருக்கிறது? எனக்கு இந்தத் தற்பெருமையெல்லாம் பிடிக்காது என்று உனக்குத் தெரியும்.

அம்மா விஷயம் நான் படித்துக் காட்டவில்லை.

கஸ்பாரே


பலெர்மோ
3 பிப்ரவரி 1984

கஸ்பாரே,

நேற்று அப்பாவிடமிருந்து கடிதம். நீ அவருக்கும் கிறிஸ்துமஸுக்கு ஒரு பெட்டி அனுப்பியிருக்கிறாய். அவர் எழுதியிருப்பதை அப்படியே தருகிறேன்: "இந்த வருஷப் பழத்தில் விதையே இல்லை நுன்சியா. நம் மரத்துப் பழம் என்றால் பாதி விதைதானே, துப்பித் துப்பித்தானே தின்போம்? மரம் வயசாகிப் பக்குவப்பட்டுவிட்டது போல. எல்லாம் தம்பியின் கைராசி. ஷிப்டில் எல்லோருக்கும் ஒவ்வொரு சுளை கொடுத்தேன். என் மகன் பார்த்துக்கொள்கிற மரம் என்று சொன்னேன். தோலை அடுப்பு மேல் வைத்திருக்கிறேன், அறை முழுக்க ஊர் வாசனை."

எனக்கு வந்த பெட்டியிலும் விதை இல்லை. தின்னும்போதே தெரிந்தது. தெரியாத மாதிரி இருந்துகொண்டேன், ஏனென்றால் நீ நல்லவனாக இருந்தால்தான் நான் செய்ததற்கு ஒரு பரிகாரம் கிடைக்கும் என்று தோன்றியது.

சுவர் இருந்தால்தான் சித்திரம் எழுத முடியும். நான் சித்திரத்தை எழுதி முடித்துவிட்டேன். இருபதாம் தேதி ஆய்வேடு பைண்டிங்குக்குப் போகிறது. அதற்குள் ஒரே ஒரு சொல் எழுது. கிண்டல் வேண்டாம், கழுதை வேண்டாம்.

சுவர் நிற்கிறதா?

நுன்சியா


பந்தெல்லேரியா
12 பிப்ரவரி 1984

அக்கா,

இல்லை.

ஒரு சொல் கேட்டாய், கொடுத்துவிட்டேன். ஆனால் அந்த ஒரு சொல்லோடு தபால்பெட்டி வரை போய்விட்டுத் திரும்பி வந்தேன். மீதியையும் எழுதுகிறேன்.

போன மார்ச்சில் என் கூட்டாளி ரொசாரியோ பட்டாளத்துக்குப் போனபோது அவனுடைய மொபெட்டை என்னிடம் விட்டுவிட்டுப் போனான். "அந்தச் சனியன்மேல ஏறினா வீட்டுப்படி ஏறாதே" என்று அம்மா சொன்னது உனக்குத் தெரியும். இந்தத் தீவில் ஒரு மொபெட்டை யார் கண்ணிலும் படாமல், உப்புக் காற்றும் படாமல் எங்கே ஒளித்து வைப்பாய்? யோசித்தேன். இரண்டு ஆள் உயரச் சுவர், சுற்றிலும் அடைப்பு, அப்பா ஊரில் இல்லை, அம்மாவால் மேடேற முடியாது. என்னை மாதிரி மூளைக்காரன் உண்டா என்று என் முதுகை நானே தட்டிக்கொண்டேன்.

தோட்டத்தின் கடல் பக்கத்து வாசல்தான் இடித்தது. குனிந்து நுழைகிற வாசல், ஆள் குனிவான், மொபெட் குனியுமா? கடப்பாரை கொண்டு போய் ஒரு பக்கத்துக் கல்லை மட்டும் நெம்பினேன். ஒரே ஒரு கல். வாசல் தாராளமாக ஆனது. மேலே கிடந்த பெரிய கல் கொஞ்சம் சாய்ந்த மாதிரி இருந்தது. சாய்ந்தால் என்ன, வானமா இடிந்து விழுந்துவிடப் போகிறது என்று விட்டேன்.

மூன்றாவது மழைக்குத் தெற்குக் காற்றும் சேர்ந்துகொண்டது. மறுநாள் போனேன். கடல் பக்கத்துச் சுவர் முழுக்கத் தரையில் கிடந்தது. கல்லுக்கடியில் மொபெட்டின் பின்சக்கரம். மரத்தின் ஒரு கிளை முறிந்து பட்டையில் தொங்கிக்கொண்டிருந்தது. நான் என்ன செய்தேன் தெரியுமா? முதலில் மொபெட்டைத்தான் வெளியே இழுத்தேன். ஸ்டார்ட் ஆகிறதா என்று பார்த்தேன். ஆனது. சந்தோஷப்பட்டேன். அதற்கப்புறம்தான் மரத்தைத் திரும்பிப் பார்த்தேன்.

இதை எழுதும்போது என்னால் யார் முகத்தையும் பார்க்க முடியவில்லை. அறையில் யாரும் இல்லை என்பது வேறு விஷயம்.

கட்டிப் பார்த்தேன். இடுப்பு உயரம் வந்ததும் சரிந்தது. இன்னொரு தடவை, முழங்கால் உயரத்திலேயே. அப்புறம் நாளைக்கு என்றேன். அப்புறம் அந்தப் பக்கம் போவதையே விட்டுவிட்டேன். திராட்சைக் கொடிக்குக்கூட மேட்டைச் சுற்றிக்கொண்டுதான் போனேன், தோட்டம் கண்ணில் படாமல். நீ ஜூலையில் வந்தாய். குளவி உண்டாயிற்று. பழங்கள் பீத்ரோ மாமா கடைப் பழங்கள், அவருக்கு மூட்டை தூக்கிச் சம்பாதித்தவை, ஒவ்வொன்றையும் சுற்றியிருந்த தாளை உட்கார்ந்து உரித்தேன். விதையை மறந்துவிட்டேன். புத்திசாலிகள் எப்போதும் விதையில்தான் மாட்டிக்கொள்கிறார்கள்.

உன்னை வெட்கம் கெட்டவள் என்றேன் அல்லவா. அந்தக் கடிதம் முழுக்க நான் எழுதியதே நீ திரும்பத் தோட்டத்தைப் பற்றிக் கேட்கக்கூடாது என்பதற்காக. உனக்கு வலிக்கிற இடம் எது என்று தேடித் தேடி வைத்தேன். குறி இவ்வளவு சரியாக விழும் என்று எனக்குத் தெரியாது.

உன் கடைசிக் கடிதத்தை அம்மாவுக்கு ஒரு வார்த்தை விடாமல் படித்தேன். அப்பா எழுதியதையும். அவள் காப்பரில் உப்புப் போடுவதை நிறுத்திவிட்டு, "என்னை அங்க கூட்டிட்டுப் போ" என்றாள்.

"எப்படிம்மா நடப்பே?"

"அந்தச் சனியன் எங்க இருக்கு?"

அவளுக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது அக்கா. மொபெட் சத்தம் ஊருக்கே கேட்கும், அம்மாவுக்குக் கேட்காதா? பின்சீட்டில் இரண்டு காலையும் ஒரே பக்கம் போட்டு உட்கார்ந்து, என் சட்டையைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டாள். மழை தூறியது. மேட்டில் ஏறும்போது, "மெதுவாடா, மெதுவாடா மடையா" என்று என் காதில் கத்திக்கொண்டே வந்தாள். ரொட்டிக்கடை வாசலில் ஒருவருக்கும் வாய் மூடவில்லை.

இறங்கி, விழுந்த கல் ஒன்றின்மேல் உட்கார்ந்து ரொம்ப நேரம் பார்த்தாள். திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டவே இல்லை. அதைவிடப் பெரிய அடி கிடையாது. கடல் பக்கத்து இலையெல்லாம் உப்புக் காற்றில் கருகிப்போயிருக்கிறது. சுவர் மிச்சமிருக்கிற பக்கத்தில் மட்டும் ஒரு கிளை பச்சையாக இருக்கிறது, அதில் ஒரு பழம். சுண்டைக்காய்க்கு அண்ணன். பறித்து உனக்கு அனுப்பட்டுமா, அப்பாவுக்கு அனுப்பட்டுமா என்று கேட்டேன்.

"கையை வைக்காதே. அவர் வந்து பார்க்கட்டும். சுவரையும் அவர் வந்தே பார்க்கட்டும். அதுக்கு முன்னால நீயே அவருக்கு எழுதிடு, நான் சொல்லமாட்டேன்" என்றாள்.

எழுதிவிட்டேன். உனக்கு எழுதும் இந்தக் கடிதமும் அதுவும் ஒரே கப்பலில் வருகின்றன. அடுப்பு மேல் இருக்கிற தோலை அவர் என்ன செய்வார் என்று நினைத்தால்தான் எனக்குத் தாங்கவில்லை.

திரும்பி வரும் வழியில் அம்மா திடீரென்று, "நுன்சியாகிட்ட ஒண்ணு கேட்டு எழுது" என்றாள். என்ன என்றேன். "அந்த போட்டோவுல நான் நல்லா விழுந்தேனான்னு கேளு. ஒரு பிரதி அனுப்பச் சொல்லு. அவ என்கிட்ட 'ங்க' போட்டுப் பேசின ஒரே நாள் அதுதான்" என்றாள். சத்தியமாக அந்த ஜனவரிக் கடிதத்தை நான் படித்துக் காட்டவில்லை. சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் என் சட்டையைப் பிடித்திருந்த கை கொஞ்சம் இறுகியது.

ஆகவே முதல் அத்தியாயத்தைக் கிழித்துவிடு. பேராசிரியர் வரட்டும். விழுந்த சுவரையும் காட்டத்தானே வேண்டும்? நம் வாசலுக்குக் கூட்டி வா, அம்மா குஸ்குஸ் செய்கிறாளாம். வரைபடத்தில் நம்முடையதற்குச் சிவப்பே போடு. ஆனால் பக்கத்துக் கட்டத்தில் 'வேலை தேடிப் போனார்கள்' என்று எழுதிவிடாதே. அப்பா மேல் பழி வரும். அவர் போன பிறகும் அது நின்றது. 'காற்று' என்றும் எழுதாதே, காற்றுக்குத்தான் சுவரே கட்டினோம், காற்றுக்கும் சுவருக்குமான சண்டையில் நான்தான் கடப்பாரையோடு உள்ளே புகுந்தேன்.

காரணம்: தம்பி. அவ்வளவுதான். கட்டத்தில் இடம் போதும்.

கஸ்பாரே

பி.கு. நவம்பரில் தீவு முழுக்க அறிவித்த அந்த மீசை. அது அடுப்புக்கரி. மழையில் ஒழுகி வாயெல்லாம் கறுப்பானதும் அம்மா மொபெட்டை நிறுத்தச் சொன்னாள். தலைத்துணியின் நுனியால் என் முகத்தை அழுத்தித் துடைத்துவிட்டாள், கைக்குழந்தைக்குத் துடைப்பதுபோல. ரொட்டிக்கடைக்கு நேர் எதிரில்.